மழைக்குப் பிறகு பாலம்

அண்ணாச்சியை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய பல்தான். இடது பக்கத்துக் கடைவாய்ப் பல். செம்பூரில் எங்கள் சாலின் கடைசி அறைக்கு அவரும் அவர் மனைவி மதினியும் குடிவந்தபோதே அது ஆடிக்கொண்டிருந்தது. சால் என்றால் ஓடு போட்ட நீளக் கட்டிடம்; வரிசையாகப் பன்னிரண்டு அறைகள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழாய். குழாயடியில் நின்று பேசும்போதெல்லாம் நாக்கால் அந்தப் பல்லை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருப்பார். பார்க்கிற நமக்குப் பல் கூசும்.

"பிடுங்கிப் போட்டுடுங்களேன். அஞ்சு நிமிஷ வேலை" என்று என் அப்பா சொன்னார்.

"தானா விழும்லா சார். அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார் அண்ணாச்சி.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தபோது அது தானாகவே விழுந்தது. காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்து காட்டினார். "பாத்தியளா? ஒரு சொட்டு ரத்தம் இல்ல. டாக்டர்ட்ட போயிருந்தா கொறடு வச்சுல்லா இழுத்திருப்பான்." முகமெல்லாம் வெற்றி. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்குப் பிடிப்பதில்லை.

அவருக்குக் குலசேகரன்பட்டினம் பக்கம். சின்ன வயதிலேயே பம்பாய்க்கு வந்து, துறைமுகத்தில் சரக்குப் படகுகளில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, ஒரு பழைய பாய்மரப் படகைச் சொந்தமாக வாங்கியிருந்தார். செம்பூரிலிருந்து கிழக்கே போய், உப்பளங்களைத் தாண்டி நடந்தால், கடல்நீர் ஏறி வடிகிற கழி வந்துவிடும். அந்தப் பக்கம் வயலும் தோட்டமுமாக மராத்திக் கிராமங்கள். இந்தப் பக்கம் அவர்களுடைய கீரையையும் கத்தரிக்காயையும் முட்டையையும் வாங்கித் தின்கிற நாங்கள். நடுவில் பாலம் கிடையாது. தரைவழியாகச் சுற்றி வந்தால் பாதி நாள் போய்விடும். அதனால் படகு. காற்றும் நீரோட்டமும் தோதாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் கரை சேரலாம். இல்லையென்றால் எப்போது சேரும் என்று அண்ணாச்சியைக் கேட்டுப் பயனில்லை. "சேந்துரும்" என்பார்.

நிற்பதில் அவருக்கு இருந்த சுகம் மற்றவர்களுக்கு உட்காருவதில்கூட இருக்காது. ஒருமுறை அப்பாவும் நானும் அவரோடு தாதருக்குத் துணி எடுக்கப் போனோம். குர்லாவில் வண்டி மாற வேண்டும். வந்த வண்டியில் கூட்டம். "எல்லாரும் ஏறட்டும். அடுத்தது வரும்லா" என்று நின்றுவிட்டார். அடுத்ததிலும் கூட்டம். இப்படி நாலு வண்டி போயிற்று. ஐந்தாவதில் உண்மையிலேயே உட்கார இடம் கிடைத்தது. அதுதான் அவரிடம் உள்ள வம்பு. அவர் நின்றால் அதற்கு ஒரு பலன் கிடைத்துவிடும், நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கும். ஈரானி ஹோட்டலில் டீயைச் சாஸரில் ஊற்றி வைத்துவிட்டு ஏடு படியும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். மேஜைக்காகக் காத்திருப்பவர்கள் முறைப்பார்கள். அவருக்குத் தெரியாது.

ஆனால் அந்தக் குணத்துக்காகவேதான் படித்துறையில் எல்லோருக்கும் அவர்மேல் அப்படி ஒரு பிரியம். கரையில் யாரையும் விட்டுவிட்டு அவர் படகு போனதில்லை. வரப்பில் தூரத்தில் ஒரு தலை தெரிந்தால் போதும், கயிற்றை அவிழ்க்க மாட்டார். ஏறி உட்கார்ந்தவர்கள் முனகுவார்கள். "ஒரு ஆளுதான, வந்துரட்டும்" என்பார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மதினியோடு கீரை வாங்கத் துறைக்குப் போவேன். இரண்டு மூன்று தடவை சும்மா அக்கரைக்குப் போய் வந்ததும் உண்டு. அப்படிப் போன ஒரு நாளில்தான் அந்தக் கீரைக்காரியை முதலில் பார்த்தேன்.

படகு அக்கரையிலிருந்து புறப்பட்டுக் கொஞ்ச தூரம் வந்துவிட்டது. வரப்பில் ஒருத்தி தலையில் கூடையோடு ஓடி வருகிறாள். முழங்காலுக்கு மேல் தார்பாய்ச்சிக் கட்டிய புடவை, கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல். "தாம்பா அண்ணா, தாம்பா" என்று ஒரே கத்தல். நில்லுங்கள் என்று அர்த்தம். அண்ணாச்சி படகைத் திருப்பினார். அவள் மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்து, எல்லோரும் திட்டுவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே, என் மடியில் ஒரு கட்டு மெந்தியக் கீரையைப் போட்டாள். தினமும் அவள்தான் கடைசி என்று பிறகு தெரிந்தது. இரண்டு சின்னப் பிள்ளைகளுக்குச் சோறாக்கி வைத்துவிட்டு, தானே கீரையைப் பறித்துக் கட்டிக்கொண்டு வருகிறவள். அவளுக்காக அவர் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு மாதம் வரும்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் துறையில் யாரோ மோட்டார் படகு விட ஆரம்பித்தார்கள். இருபது நிமிஷத்தில் அக்கரை. காற்றும் வேண்டாம், நீரோட்டம் பார்க்கவும் வேண்டாம். ஆபீஸ் போகிறவர்களும் பால்காரர்களும் அங்கே போய்விட்டார்கள். அண்ணாச்சியிடம் மிஞ்சியது கூடைக்காரிகள்தான்.

மாஹுலில் ஒரு வயதான கோளி இருந்தார், மீன்பிடிக்கிறவர். அவர் தம்முடைய மோட்டார் படகை விற்கத் தயாராக இருந்தார். முழங்கால் போய்விட்டதால் கடலுக்குப் போக முடியவில்லை என்று சொல்லி, வேறு யாருக்கும் கொடுக்காமல் அண்ணாச்சிக்கே தருவதாக இருந்தார். ஞாயிறு சாயங்காலம் தவறாமல் அண்ணாச்சி அங்கே போவார். படகில் ஏறி உட்காருவார். எஞ்சின் மூடியைத் திறந்து பார்ப்பார். தொட்டுக்கூடப் பார்ப்பார். "லே லோ பாய், லே லோ" என்று வாங்கிக்கொள்ளச் சொல்வார் கோளி. "தேக்கேங்கே" என்பார் அண்ணாச்சி. பார்க்கலாம் என்பதை அவர் தமிழில் சொல்லும்போது இருக்கிற அதே நிதானம் இந்தியிலும் இருக்கும்.

வாங்காததற்கு அவரிடம் இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்றை எல்லோரிடமும் சொல்வார். "பாலம் வரப்போவுதுங்கான். பாலம் வந்துட்டா மெஷின் படகை வச்சு என்ன செய்யுதது? அதுல கருவாடா காயப்போடுதது?" இன்னொன்றை என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னார். "மெஷின் போட்டுட்டா கரையில கூப்பிடுதது காதுல விழாது தங்கச்சி. கூப்பிட்டா நிக்கணும். இல்லன்னா பெறவு என்ன படகு?"

பாலம் வருமா வராதா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அப்போது இருபது வயது. டைப்பும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் பண்ணி, கோட்டைப் பகுதியில் ஒரு சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். சேர்ந்த சில மாதங்களில் மேலதிகாரிக்குப் போகும் குறிப்பு ஒன்றை அடிக்கக் கொடுத்தார்கள்; நோட்டு என்பார்கள். கழிமேல் பாலம் கட்டுவது பற்றியது. நாலு பக்கம். கடைசிப் பாராவில், வரும் மழைக்காலம் முடிந்தவுடன் வேலை தொடங்கும் என்று இருந்தது. ஆபீஸ் விஷயத்தை வெளியே பேசக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே குழாயடியில் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"நெசமாவா தங்கச்சி?"

"என் கையால அடிச்சேன் அண்ணாச்சி. சர்க்கார் பேப்பர்லயே இருக்கு. மழைக்கு அப்புறம் பாலம்."

அவர் முகத்தில் ஒரு பெரிய மரியாதை வந்தது. நாற்பது வயது மனிதர், கடலைப் பார்த்தவர், என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு மதினி வறுத்த மீன் கொடுத்தனுப்பினாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மீன் வாசனை குறையவே இல்லை. மழை வந்தது, போனது. பாலம் வரவில்லை. அடுத்த வருஷமும் நோட்டு வந்தது. இந்த முறை எஸ்டிமேட்டும் சேர்ந்து வந்தது. இன்னும் உறுதியாகச் சொன்னேன். "நல்லவேளை, வாங்கித் தொலைக்காம இருந்தேன். தங்கச்சி சொல்லலேன்னா மாட்டியிருப்பேன்" என்று அவர் சாலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மூன்றாவது வருஷம் ஹெட் கிளார்க் கையெழுத்துப் பிரதி எதுவும் தரவில்லை. போன வருஷத்துக் கார்பன் காப்பியை என் மேஜைமேல் போட்டார். "தாரீக் பதல் தோ. பாக்கி வைசா ஹீ" என்றார். தேதியை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே. எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. மத்தியானம் அவர் சாப்பிடப் போனபோது பழைய ஃபைலை எடுத்துப் புரட்டினேன். நான் வருவதற்கு முன்னாலிருந்தே, வருஷா வருஷம் அதே நாலு பக்கம். அதே கடைசிப் பாரா. எனக்கு முன்னால் இருந்த யாரோ விட்ட ஓர் எழுத்துப் பிழைகூட விடாமல் கூடவே வந்திருந்தது. நானும் அதை இரண்டு தடவை பத்திரமாக அடித்திருக்கிறேன்.

அது ஒரு சடங்கு. எந்த மழைக்கும் சம்பந்தமில்லாத காகிதம். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை இரண்டு வருஷம் நிறுத்தி வைத்திருக்கிறேன். அன்று வண்டியில் வரும்போது மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அண்ணாச்சி, பாலமெல்லாம் இப்போதைக்கு வராது. நாளைக்கே போய் மோட்டார் படகை வாங்கிவிடுங்கள். இவ்வளவுதான். சொல்லிவிட வேண்டும் என்ற தீர்மானத்தோடுதான் வந்தேன். சத்தியமாக.

சால் வாசலில் மதினி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். மதினி அதிகம் பேசாதவள், மெலிந்த உருவம், சிரித்தால் மட்டும் வயது தெரியாது. என் கையைப் பிடித்துச் சாலின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"இந்த வருசம் வாங்கிருவாவ போலிருக்கு தங்கச்சி. மாஹுல்காரன் இந்த ஞாயித்துக்கெழம வரைக்கும்தான்னு சொல்லிட்டானாம். என் சங்கிலியக் கேட்டாவ. சங்கிலி போனாப் போவட்டும், அதுக்கு நான் அழல."

"அப்புறம் என்ன மதினி?"

"பாய்ப்படகுன்னா மழ நாலு மாசமும் கரையில ஏத்திப் போட்டுட்டு வீட்டுல இருப்பாவ. காத்து சரியில்லன்னாலும் இருப்பாவ. மெஷின் வந்துட்டா எந்தக் காத்துலயும் போவச் சொல்லும். எங்க அண்ணனுக்கு அப்படித்தான் ஆச்சு. மெஷின் இருக்குன்னுதான் போனான். படகுப் பலவகூட திரும்பி வரல." என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நீ சொன்னாக் கேப்பாவ. பாலம் வருதுன்னே சொல்லிரு தாயீ."

இருபத்திரண்டு வயதில் இதற்கு என்ன பதில் சொல்வது? அவள் கேட்டது தன் புருஷனின் உயிரை. நான் சொல்லப்போனது ஒரு ஃபைலில் பார்த்த விஷயத்தை. இரண்டையும் வைத்துப் பார்த்தால் அன்றைக்கு எனக்கு அவள் பக்கம்தான் நியாயமாகத் தெரிந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக நான் சொன்னது வெறும் காகிதம் என்று அவரிடம் ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணாச்சி வந்தார். வழக்கம்போல, "என்ன தங்கச்சி, என்ன சொல்லுதான் உங்க சர்க்காரு?" என்று கேட்டார்.

"இந்த மழைக்கு அப்புறம் கண்டிப்பா அண்ணாச்சி. இந்தத் தடவை மாறாது" என்றேன்.

"அப்பம் சரி. பாத்துக்கிடுவோம்" என்றார். மதினி உள்ளே விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் தீபாவளி கழிந்து சில வாரங்களில் அது நடந்தது. நான் கண்ணால் பார்க்கவில்லை. மதினி சொல்லித்தான் தெரியும், அவளுக்கும் அவர் ஒருதடவைதான் சொன்னாராம்.

காலையில் கீரை பறிக்கும்போது கீரைக்காரியைப் பாம்பு கடித்துவிட்டது. வலது கை விரலில். மணிக்கட்டுக்கு மேலே துணியை முறுக்கிக் கட்டி, கட்டிலோடு தூக்கிக்கொண்டு அவள் புருஷனும் இன்னும் ஒருவனும் துறைக்கு வந்தார்கள். இந்தப் பக்கம் வந்துவிட்டால் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, ஊசி இருக்கிறது. துறையில் அண்ணாச்சியின் படகு மட்டும் இருந்தது. மோட்டார் படகு அப்போதுதான் போயிருந்தது. அண்ணாச்சி யாருக்கும் நிற்காமல் கயிற்றை அவிழ்த்தது அன்றைக்குத்தான் முதல்தடவை.

ஆனால் நீர் வடிய ஆரம்பித்துவிட்டிருந்தது. காற்றோ இலைகூட அசையாத அளவுக்கு நின்றுபோயிருந்தது. பாயை இறக்கிவிட்டு அவரும் அவள் புருஷனும் துடுப்புப் போட்டார்கள். வடிகிற நீர் படகைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போனது. பாதிக் கழியில், படகு சேற்றுத் திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. சுற்றிலும் சேறு. இறங்கினால் இடுப்பு வரை இழுக்கும். அவள் புருஷன் குதித்துப் பார்த்தான். அவனை மேலே இழுப்பதற்கே இரண்டு பேர் வேண்டியிருந்தது. பம்பாய்க் கரை கண்ணுக்குத் தெரிகிறது. புகைபோக்கி தெரிகிறது, ரோட்டில் போகிற லாரி தெரிகிறது. திரும்ப நீர் ஏறும்வரை அங்கேயே இருக்க வேண்டும். வேறு வழியே இல்லை.

நடு ஓடையில் அந்த மோட்டார் படகு திரும்பிப் போவதைப் பார்த்தார்கள். பாய்த்துணியை அவிழ்த்து வீசினார்கள். மூன்று ஆண்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். எஞ்சின் சத்தத்தில் அந்தப் படகுக்காரனுக்குக் காது கேட்கவில்லை. போய்விட்டான்.

அவளுக்கு வெகுநேரம் நினைவு இருந்ததாம். தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். "ஆ ரஹா ஹை பஹன், ஆ கயா" என்று அண்ணாச்சி சொல்லிக்கொண்டே இருந்தாராம். வருகிறது தங்கச்சி, வந்துவிட்டது. தண்ணீர் வரவில்லை. அது வருவதற்கு முன்னால் அவள் போய்விட்டாள். பிறகு நீர் ஏறி, படகு தானாக மிதந்தது. எந்தக் கரைக்குத் திருப்புவது என்று அண்ணாச்சி அவள் புருஷனைக் கேட்டார். அவன் வந்த கரையையே காட்டினான்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு மதினி என் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மோட்டார் படகாக இருந்திருந்தால் இருபது நிமிஷம் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம். இரண்டு பேரும் சொல்லவில்லை.

அடுத்த வாரமே அண்ணாச்சி, மாஹுலில் இன்னும் விலைபோகாமல் கிடந்த மோட்டார் படகை வாங்கிவிட்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மதினி சங்கிலியைத் தானே கழற்றிக் கொடுத்தாள். பாய்மரப் படகை என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. துறையில் அதற்குப் பிறகு அதைப் பார்க்கவில்லை.

அவர் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிக்கொண்டார். படகில் ஒரு வெண்கல மணி தொங்கியது. நேரம் வந்தால் மணி அடிப்பார், அடித்துவிட்டால் கிளம்பிவிடுவார். வரப்பில் ஆள் ஓடிவந்தாலும், பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு மண்ணை வாரித் தூற்றினாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒருநாள் ஒரு முட்டைக்காரக் கிழவர் தண்ணீரில் முழங்கால்வரை இறங்கிக் கையை ஆட்டிக்கொண்டிருந்ததை நான் துறையில் நின்று பார்த்தேன். அண்ணாச்சி தெரியாதவர் மாதிரி எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டு போனார். "திமிரு வந்துட்டு" என்று கூடைக்காரிகள் பேசிக்கொண்டார்கள். அது திமிர் இல்லை என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? மழையிலும் படகு போயிற்று. மதினி கதவடியிலேயே உட்கார்ந்திருப்பாள். டீயைக் கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கில் குடித்துவிடுகிறார், நாக்கெல்லாம் வெந்துபோய்க் கிடக்கிறது என்று ஒருநாள் சொன்னாள்.

ஒவ்வொரு வருஷமும் நோட்டு வந்தது. அடித்தேன். அன்றைக்குச் சாயங்காலங்களில் வேண்டுமென்றே குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருப்பேன். அவர் கேட்க மாட்டாரா என்று இருக்கும். "சொகமா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு வேகமாக உள்ளே போய்விடுவார். அந்த வேகம் எனக்குப் பயமாக இருந்தது. அவர் நடப்பதைப் பார்த்தாலே பின்னால் யாரோ வருகிற மாதிரி இருக்கும். எனக்கோ, ஆபீஸில் டைப் அடிக்கும்போதுகூடச் சில சமயம் அந்தப் பச்சை வளையல் கை மேஜை ஓரத்தில் கிடப்பதாகத் தோன்றும். விரல் நின்றுவிடும். ஹெட் கிளார்க் என்னவென்று கேட்பார். ஒன்றுமில்லை என்பேன்.

மூன்று வருஷம் இப்படியே போயிற்று. எனக்கு முலுண்டில் கல்யாணம் நிச்சயமாயிற்று. சாலை விட்டுப் போவதற்குள் இதை இறக்கி வைத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து நேராகத் துறைக்குப் போனேன். ஆட்கள் இன்னும் வரவில்லை. அண்ணாச்சி படகில் உட்கார்ந்து கயிற்றை வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். பலகையில் ஏறி எதிரே உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி, ஒரு விஷயம் சொல்லணும். கடைசியா பாலம் வருதுன்னு சொன்னேனே, அது பொய். அந்த நோட்டுல ஒண்ணும் கிடையாது, வருஷா வருஷம் தேதிய மாத்தி அடிக்கிறதுதான். அன்னைக்கு எனக்கு அது தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். மதினி பயந்துபோய்க் கேட்டாங்க, அதனால சொன்னேன். நான் உண்மையைச் சொல்லியிருந்தா நீங்க அந்த ஞாயித்துக்கிழமையே வாங்கியிருப்பீங்க. அந்தப் பொண்ணு..."

அழுதுவிட்டேன்.

"எனக்குத் தெரியும்லா" என்றார் அவர், கயிற்றைச் சுற்றிக்கொண்டே. கைகூட நிற்கவில்லை. "அன்னைக்கே உங்க மதினி சொல்லிட்டா. அவளுக்கு மனசுல எதுவும் நிக்காது. பொய்யின்னு தெரிஞ்சுதான் நான் வாங்காம விட்டேன். எனக்கே வாங்க மனசில்ல, அவ்வளவுதாம். நீ ஒண்ணும் செய்யல. அத மனசுல வச்சுக்கிடாத. நல்லாயிரு தாயீ. எறங்கு, நேரமாயிட்டு."

மணியை அடித்தார். ஆட்கள் ஏறினார்கள். நான் இறங்கிவிட்டேன். உப்பளத்து வரப்பில் திரும்பி நடந்து வரும்போது உடம்பு லேசாகிவிட்டது மாதிரி இருந்தது. மூன்று வருஷத்தில் முதல்தடவையாக நன்றாக மூச்சு விட்டேன். கூடவே மதினியின்மேல் கோபமும் வந்தது. அன்றைக்கே சொல்லிவிட்டாளாம், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இப்படி உருகிக் கிடந்திருப்பேனா?

சாலுக்கு வந்ததும் நேரே கடைசி அறைக்குப் போனேன். மதினி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டீங்களா மதினி? நான் பொய் சொன்னேன்னு?"

அவள் கையிலிருந்த முறம் சாய்ந்து அரிசி தரையில் கொட்டியது. எழுந்து வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "நான் எப்படித் தங்கச்சி சொல்லுவேன்? எந்த வாயால சொல்லுவேன்? இன்னைக்கு வரைக்கும் அவுகளுக்குத் தெரியாது. தெரிஞ்சா என் மொகத்துல முழிப்பாவளா?" என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீயும் சொல்லிறாத. கல்யாணம் ஆயிப் போறவ. சொல்லாமலே போயிரு."

அப்போது படகு அக்கரை சேர்ந்திருக்கும். என் வாயால்தான் அவருக்கு முதன்முதலாகத் தெரிந்திருக்கிறது, அரை மணி நேரத்துக்கு முன்னால். டீ ஆறுவதற்கும் பல் விழுவதற்கும் நேரம் எடுத்துக்கொண்ட மனிதர், அந்தப் பதிலுக்கு ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"சொல்ல மாட்டேன் மதினி" என்றேன். கீழே உட்கார்ந்து அவளோடு சேர்ந்து அரிசியைக் கூட்டி அள்ளினேன்.